இன்னும் ஒரே ஒரு கோட்டிங்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பாட்டில் தின்னர் வாசம், துவைத்த துணியில் தின்னர் வாசம், ஜெபப் புத்தகத்தைப் பிரித்தால் அதிலும் தின்னர் வாசம். கேட்டுக்குள் எங்கள் பழைய பிக்கப் வண்டி பாதி வெள்ளையும் பாதிச் செங்கல் நிறமுமாக நின்றுகொண்டிருந்தது. கையில் உப்புத்தாளோடு என் வீட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். அந்தப் பொறுமையோடு ஒரே வீட்டில் குடியிருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

அந்த வண்டி எங்கள் பிழைப்பில் பாதி. மீதிப் பாதி என் பள்ளிக்கூட வேலை. ஆத்தங்குடிப் பட்டறைகளில் தரைக்கல் ஏற்றிக்கொண்டு, வீடு கட்டுகிற இடங்களில் போய் இறக்குவது அவர் தொழில். பூப்போட்ட கல். முகத்தோடு முகம் சேர்த்து நிறுத்தி, இடையில் வைக்கோல் கொடுத்து அடுக்கவேண்டும். வேகத்தடையில் அசட்டையாக ஏறி இறங்கினால் ஓரம் பெயர்ந்துவிடும். அவர் ஓட்டிப்போய் ஒரு கல் மூளியானதாக யாரும் சொன்னதில்லை. பட்டறைக்காரர் என்னிடமே ஒருமுறை, "கல்லு என்னங்க டீச்சர், முட்டைய ஏத்திவிட்டாலும் அவுக முழுசாக் கொண்டுபோய்ச் சேத்துருவாக" என்று சொல்லியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர், அந்த வருஷக் கோடையில் காளையார்கோவிலில் கல் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும்போது, புல்லுக்கட்டு வைத்த சைக்கிள்காரர் ஒருவர் திடீரென்று குறுக்கே திரும்பிவிட்டார். இவர் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பினார். வண்டி சாலையை விட்டு இறங்கி, இடது பக்கம் முழுக்கப் புளியமரத்தில் இழுத்துக்கொண்டு நின்றது. சைக்கிள்காரருக்கு ஒன்றும் இல்லை. அவர்தான் இவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, மரத்தடியில் உட்காரவைத்து, போனை வாங்கி என்னிடம் பேசினார். இவருக்கும் நெற்றியில் சின்ன வீக்கம்தான். ஆனால் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார். ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திப் பார்த்தோம். அந்த மகராசன் முதல் லோடிலேயே கல்லைச் சல்லியாக்கிக் கொண்டுபோய் இறக்கினார். அதன் பிறகு வண்டி கேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

பயமாக இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. "இந்தக் கோலத்துல எடுத்துட்டுப் போனா பாக்குறவுக என்ன நெனப்பாக? பெயிண்ட் அடிச்சுட்டு எடுக்குறேன்" என்றார். பெயிண்ட் அடித்தால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் மனுஷர் பழையபடி ஆகிவிடுவார் என்று நானும் நம்பினேன். என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

டிங்கரிங் பட்டறையில் கேட்ட தொகைக்கு எங்கள் இருவருக்கும் சேர்த்துத் தலை சுற்றியது. வீட்டிலேயே நாமே அடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. நிறத்தைப் பற்றி யோசிக்க வேலையில்லை, ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது, மாற்றினால் ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டும். எனாமல், செங்கல் நிறப் பிரைமர், தின்னர், பள்ளம் அடைக்கப் பட்டி, தேய்க்க உப்புத்தாள். "ஒரு வாரத்து வேல" என்றார். வீட்டுப்பாடத்தை நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லும் முகங்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்தவள். அதே முகம்தான். இருந்தும் தலையை ஆட்டினேன்.

பக்கத்து வீட்டில் ஆசாரி ஒருவர் இருக்கிறார். கதவு, நிலை, ஜன்னல் செய்பவர். அவர் செய்கிற கதவுகளும் எங்கள் வண்டியில்தான் போகும் என்பதால் வண்டியில் பாதி தனக்குச் சொந்தம் என்பது அவர் எண்ணம். இவரை மாப்ள என்பார், இவர் அவரை மச்சான் என்பார். வேலை தொடங்கிய அன்று காலையிலேயே மரச் சுத்தியலோடு சுற்றுச்சுவரைத் தாண்டி வந்துவிட்டார்.

"இதுக்குப் போயி டிங்கரிங்காரன் எதுக்கு மாப்ள? இந்தக் கொட்டாப்புளியால உள்ளருந்து நாலு தட்டு தட்டுனா நிமிந்துக்கிரும்."

தட்டினார். பெரிய பள்ளம் நிமிர்ந்தது. அது இருந்த இடத்தில் நெல்லிக்காய் அளவில் எண்ணற்ற சின்னப் பள்ளங்கள் வந்தன. ஆசாரி சளைக்கவில்லை. கடையில் விற்கிற பட்டி எதற்கு, கதவில் ஆணி ஓட்டை அடைக்கத் தான் குழைக்கிற லப்பம் போதும், சாக் பவுடரும் எண்ணெயும்தானே என்று ஒரு சட்டி நிறையக் குழைத்து அப்பிவிட்டுப் போனார். மரத்தில் நிற்கிற லப்பம் தகரத்தில் நிற்குமா என்று கேட்டேன். "டீச்சர், நீங்க கவலையே படாதீக. எங்க வேலைய நாளைக்கி இந்த ஊரே பேசும்" என்றார். மறுநாள் வெயில் ஏறியதும் அத்தனையும் அப்பளமாக விரிந்து, காற்றடிக்க அடிக்கப் பொலபொலவென்று உதிர்ந்தது. முற்றத்தைக் கூட்டியது நான்.

பிறகு கடையில் பட்டி வாங்கி வந்து, இவர் தனியாக ஆரம்பித்தார். அங்கேதான் என் கஷ்டகாலமும் ஆரம்பித்தது. பட்டி வைப்பார், காயவிடுவார், தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார், துடைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கதவை மெல்லத் தடவுவார்.

"இந்தா, இங்குட்டு ஒரு பள்ளம் இருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு பள்ளமும் தட்டுப்படவில்லை.

"சாக்பீஸ் பிடிச்சுப் பிடிச்சு உனக்குக் கை மரத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி பட்டி வைத்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தை அவர் அந்தக் கதவைப் பார்த்த மாதிரி பார்த்ததில்லை.

பட்டறைக்காரரிடமிருந்து போன் வரும். "இந்தா முடிஞ்சிருச்சுண்ணே. இன்னும் ஒரே ஒரு கோட்டிங்தான்" என்பார். அந்த வாக்கியம் எங்கள் வீட்டில் சுவர்க்கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது. பால்காரர்கூடக் கேட்டைத் திறக்கும்போது, "என்னண்ணே, இன்னும் ஒரு கோட்டிங்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

வாடகைக்கு கம்ப்ரஸர் எடுத்துவந்து ஸ்பிரே அடித்த நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரித்தால் மறுபடி கோபம் வரும். கண்ணாடிக்கும் விளக்குக்கும் பழைய பேப்பர் ஒட்டி மறைத்தவர், கொடியில் என் புடவை காய்வதைப் பார்க்கவில்லை. காற்று அன்றைக்கென்று கிழக்கே அடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் என் புடவை, அவர் வேட்டி, கிணற்றடிக் கறிவேப்பிலை எல்லாவற்றின் மேலும் பனி பெய்தது போல வெள்ளைப் புகை. வண்டியில்தான் திட்டுத்திட்டாக இருந்தது. அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் ரசத்தில் தாளித்த கறிவேப்பிலை பெயிண்ட் கடை வாசலை நினைவூட்டியது. ஸ்பிரே சரிப்படாது என்று கம்ப்ரஸரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரஷ்ஷும் உருளையுமாக முதலிலிருந்து தொடங்கினார். முதலிலிருந்து என்றால், உப்புத்தாளிலிருந்து.

அக்டோபர் பிறந்தது. ஜெபமாலை மாதம். எங்கள் அன்பியத்துக்காரர்கள், அதாவது பங்கில் எங்கள் தெருப் பக்கத்துக் குடும்பங்கள், மாலையில் வீடு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்வார்கள். எங்கள் வீட்டு முறை வந்த அன்று காலையில்தான் இவர் ஒரு கோட்டிங் அடித்து வைத்திருந்தார். சுற்றிலும் கயிறு கட்டி, அட்டையில் 'ஈரம், தொடாதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் அட்டையைப் படித்தார்கள். படித்துவிட்டு, உண்மையிலேயே ஈரம்தானா என்று ஆளுக்கு ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். வயசான அம்மா ஒருவர் செருப்பைக் கழற்ற ஆதாரமாக மட்கார்டிலேயே கையை ஊன்றிக்கொண்டார். "அருள் நிறைந்த மரியே" என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் உள்ளங்கையின் வெள்ளைதான் என் கண்ணில் பட்டது. ஜெபம் முடிந்து சுண்டலும் வாங்கிக்கொண்டு அவர்கள் போனபோது, வண்டி ஊரே கைரேகை வைத்த பத்திரம் போல நின்றது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவருக்கு வரவில்லை. "பரவால்ல விடு. தேச்சுட்டு இன்னொன்னு அடிச்சுரலாம்" என்றார்.

அடுத்த கோட்டிங்குக்கு ஈசல் வந்தது. மழை விட்ட ஒரு பொழுதில் இவர் அடித்து முடித்துவிட்டு, சரியாகக் காய்கிறதா என்று பார்க்க வாசல் விளக்கைப் போட்டார். அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தனவோ, தெருவில் இருந்த ஈசல் முழுவதும் எங்கள் பானெட்டில் வந்து படுத்துக்கொண்டது. என் புருவம் திருத்துகிற கிடுக்கியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஈசலாக, இறகு பிய்யாமல் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். கோபத்தோடு பரிதாபமும் வந்தது. பரிதாபம் வந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. கேட்டேவிட்டேன்.

"ஏங்க, வண்டி எடுக்க பயமா இருக்கா?"

கிடுக்கி நின்றது.

"பயமென்ன பயம். இந்தா, இந்த லைட்ட அணை முதல்ல."

போய் விளக்கை அணைத்தேன். ஆனால் ஒன்றை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேட்டரி இறங்கிவிடக்கூடாது என்று தினமும் காலையில் இஞ்சினை ஸ்டார்ட் செய்வார். அதற்குக்கூட உள்ளே ஏறி உட்கார மாட்டார். தரையில் நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்புவார். கொஞ்ச நேரம் உறுமவிட்டு, அதேபோலக் கையை விட்டு அணைத்துவிடுவார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவர் நிற்கிற மாதிரி ஓர் அடி தள்ளியே நிற்பார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வண்டிக்கு ஆயுத பூஜை போடுவது ஆசாரி வீட்டு வழக்கம். கண்ணாடியில் நாங்கள் மாதா படம் ஒட்டியிருப்போம். அதற்குக் கீழே ஆசாரி சம்சாரம் வருஷா வருஷம் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். உளி, இழைப்புளி, மரம் அறுக்கிற வாளோடு எங்கள் வண்டியும் அவர்களுக்கு ஓர் ஆயுதம். பூஜை முடிந்து பொரியும் கடலையும் எங்கள் வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போகும். யாரும் இதை ஒரு விஷயமாக நினைத்ததே இல்லை.

அந்த வருஷம் கடைசி என்று சொல்லி அடித்த கோட்டிங் முந்தாநாள்தான் முடிந்திருந்தது. உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. நானே மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். தொட்டால் ஒட்டவில்லை. ஆனால் ஈரக்காற்றில் எனாமல் மேலே மட்டும்தான் காய்ந்திருந்தது, அடியில் இன்னும் பச்சையாகவே இருந்தது. இது எங்களுக்கே தெரியாது, பாவம் ஆசாரி வீட்டு அக்காவுக்கு எப்படித் தெரியும்? நாங்கள் காலைப் பூசைக்கு மாதா கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் வந்திருக்கிறார். புது வண்டி மாதிரி பளிச்சென்று இருக்கிறதே என்று எந்த வருஷமும் இல்லாத தாராளத்தோடு பானெட், இரண்டு கதவு, நான்கு பக்கம், பின்தட்டு எல்லாவற்றிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மத்தியானம் வெயில் வந்தது. சந்தனம் காய்ந்து சுருங்கியபோது பெயிண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பெயர்ந்தது. துணியால் துடைத்தால் குங்குமம் கரைந்து உள்ளே இறங்கியது. வெள்ளை வண்டியில் அங்கங்கே ரோஸ் நிறத்தில் வட்டம் வட்டமாக, அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தான டீச்சரம்மா வச்சேன். இப்படி ஆகும்னு கண்டேனா?"

"அதுனால என்னக்கா," என்றார் இவர். "நீங்க எதுக்குச் சங்கடப்படுறீக? மொத்தத்தையும் தேச்சு எடுத்துட்டு, முதல்லருந்து அடிச்சுரலாம்."

சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வருத்தம் இல்லை. நிம்மதி இருந்தது. பரீட்சை தள்ளிப்போனது என்று கேள்விப்பட்ட பிள்ளையின் முகத்தில் வருகிற நிம்மதி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. அதுவரை மழையைத் திட்டினேன், ஈசலைத் திட்டினேன், ஆசாரியின் லப்பத்தைத் திட்டினேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, இது எதுவும் வராமல் இருந்திருந்தாலும் இவருக்கு ஒரு பள்ளம் கிடைத்திருக்கும்.

சொல்லிவைத்தாற்போலப் பட்டறைக்காரரின் போன். நான்தான் எடுத்தேன். நெற்குப்பை என்கிற ஊருக்கு ஒரு லோடு, பழைய வீட்டுக் கூடத்துக்கு வேண்டிய கல், நாளைக்கு விஜயதசமியன்று நல்ல நேரத்தில் இறக்கவேண்டுமாம். "வேற வண்டிக்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காக டீச்சர். அவுக வருவாகன்னுதான் இம்புட்டு நாளு நிறுத்தி வச்சேன். இதுக்கு மேல நானும் பாக்க முடியாது."

"வண்டி வரும்ணே. காலையில வந்துரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யார் ஓட்டுவா?" என்று கேட்டார் இவர்.

"வண்டிக்கு நீங்கதான சொந்தக்காரரு? நீங்கதான் யோசிங்க."

மறுநாள் காலையில் நான் குளித்துப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் யோசித்து முடித்திருந்தார். வாளியில் தண்ணீர், பக்கத்தில் புது உப்புத்தாள், முழங்கால் வரை மடித்துக் கட்டிய கைலி. பானெட்டில் இருந்த முதல் ரோஸ் வட்டத்தின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

உள்ளே போய் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டை அகலத் திறந்தேன். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. இவரே ஒரு காலத்தில் சாக்கோட்டைப் பக்கம் ஒரு பொட்டலில் வைத்துச் சொல்லிக் கொடுத்து, நான் கிளட்சை விடுகிற அழகைப் பார்த்துவிட்டு, "உனக்கு ஸ்கூட்டரே போதும்" என்று அத்தோடு நிறுத்திவிட்டவர்.

"ஏய், இந்தா, என்ன பண்ற? இறங்கு."

"நீங்க நல்லாத் தேயிங்க. நான் போயிக் கல்லு ஏத்திட்டு வாரேன்."

"உனக்கு வண்டி ஒடிக்கத் தெரியாது."

"தெரிஞ்சவுக எடுக்கலையே! அப்ப தெரியாதவதான எடுக்கணும்?"

ஸ்டார்ட் செய்தேன். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார். ஆசாரி சுவருக்கு மேலே தலையை நீட்டினார். கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நகர்ந்தது. கேட்டைத் தாண்டி மூக்கு தெருவுக்கு வந்ததும் இடது பக்கம் ஒடித்தேன். கொஞ்சம் சீக்கிரம் ஒடித்துவிட்டேன் போலிருக்கிறது. கர்ரென்று ஒரு சத்தம். பல்லெல்லாம் கூசியது. பிரேக்கை மிதித்ததும் இஞ்சின் அணைந்தது.

இறங்கிப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பக்கக் கண்ணாடியிலேயே தெரிந்தது. இடது கதவிலிருந்து பின்தட்டு வரைக்கும் கேட்டுத் தூண் ஒரே கோடாக இழுத்திருந்தது. வெள்ளை போய், அடியிலிருந்த பிரைமர் போய், அவர் கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி வைத்த பட்டியும் பெயர்ந்து, புளியமரத்தில் மோதி வந்த அன்று இருந்த அதே தகரம் மினுங்கியது. ஆசாரி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

இவர் மெதுவாக நடந்துவந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். கையால் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். தடவவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவும் இல்லை. சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"அங்குட்டுத் தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். தெருவில் பின்னால் ஒரு ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஏறி உட்கார்ந்தார். மடித்துக் கட்டிய கைலி, கையெல்லாம் உப்புத்தாள் தண்ணீர், காலில் செருப்பு இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தார், விட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுத்து, தூணிலிருந்து விலக்கி, தெருவில் இறக்கினார். ஒரு குலுங்கலும் இல்லை.

வேண்டுமென்றேதான் இடித்தேனா என்று ஆசாரி இன்றுவரை என்னிடம் கேட்கிறார். சத்தியமாக இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, அவ்வளவுதான்.

ஆத்தங்குடிச் சாலையில் அவர் மாட்டுவண்டி வேகத்தில் போனார். என் வாய் துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு சைக்கிள். பின்னால் புல்லுக்கட்டில்லை, ஒரு மூட்டைதான். இருந்தாலும் அவர் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. சைக்கிளுக்குப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனார். எங்களுக்குப் பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடித்துக் கிழித்தது. சைக்கிள்காரரே கையைக் காட்டிப் போங்க போங்க என்றார். இவர் போகவில்லை. நான் வழக்கமாக அந்த இடத்தில் பேசுகிற அத்தனை பேச்சையும் அன்று விழுங்கினேன். என் வாழ்க்கையிலேயே நான் பொறுமையாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

பிறகு நன்றாக ஒதுங்கி, பாதிச் சாலை இடம் விட்டு, ஹாரன் அடித்து, தாண்டினார்.

தாண்டியதும் சாலையைப் பார்க்காமல் கண்ணாடியைப் பார்த்தார். நானும் என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சைக்கிள்காரர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பத்திரமாக மிதித்துக்கொண்டு வந்தார். அவர் சின்னதாகிற வரைக்கும் இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாள் கோபமும் அந்தக் கண்ணீரில்தான் வெளியே வந்தது.

"திரும்பி வந்து அந்தக் கோட்டுக்கு மட்டும் ஒரே ஒரு கோட்டிங்..." என்று அவர் தொடங்கினார்.

"அடிச்சுப் பாருங்க" என்றேன்.

அந்தக் கோடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது, ரோஸ் வட்டங்களும் இருக்கின்றன. காலையில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவதால் தேய்க்க நேரமில்லை.